நண்டுக்காகக் கட்டிய மலை

என் நண்டு ஏறுவதற்காக நான் செய்த மரச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டுபோய், வெள்ளிப் பெயின்ட் அடித்து, பஞ்சு ஒட்டி, குழந்தை இயேசுவின் குடிலுக்குப் பின்னால் மலையாக நிறுத்திவிட்டார்கள். கேட்டால், ஆண்டவருக்குத்தானே கொடுத்தோம், வெளியாளுக்கா கொடுத்தோம் என்கிறார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று சொல்வார்களே, அது இதுதான். எங்கள் தெருவில் பிள்ளையார் இல்லை, மாதா சிலை வைத்த கெபிதான் இருக்கிறது. ஆனால் தேங்காய் எப்போதும் அடுத்தவருடையதுதான். நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் நினைத்தால் வயிறு எரிகிறது. அதனால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு ராயபுரத்தில், அப்பா கட்டியது. கீழே அண்ணனும் அண்ணியும். மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறையில் நான். நாற்பதைத் தாண்டியாகிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. அதை ஒரு வியாதியைப் போல விசாரிக்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இன்றைக்கும் என்னைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ சண்டை போட்டுவிட்டுத் தனி வீடு பார்த்துக்கொண்டு போயிருப்பேன்.

என் அறை என்று சொன்னேன் அல்லவா, அது பேச்சுக்குத்தான். அண்ணனின் பழைய சைக்கிள், அண்ணியின் அரிசி டிரம், ஓடாத மிக்ஸி, கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் போட்ட அட்டைப்பெட்டி, இத்தனைக்கும் நடுவில் ஒரு கட்டில் அளவுக்கு நான். யாருக்கு எது வேண்டுமென்றாலும் மாடி ஏறி வந்து, கதவைத் தள்ளி, எடுத்துக்கொண்டு போவார்கள். நான் தலை வாரிக்கொண்டிருந்தாலும் சரி, காய்ச்சலில் படுத்திருந்தாலும் சரி. என் கத்தரிக்கோல் போகும், குடை போகும், போன் சார்ஜர் போகும். கேட்டால், ‘வூட்லதான கீது’ என்பார்கள். என்ன பதில் பாருங்கள். வீட்டில்தான் இருக்கிறதாம். என்னிடம் இல்லை என்பது அவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை.

நான் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டின் கேட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். உள்ளே வரும் வண்டி, வெளியே போகும் வண்டி, சீல் உடையாமல் இருக்கிறதா, பேப்பர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். டிரெய்லர் டிரைவர்களோடு கத்திக் கத்தி என் குரலே தடித்துப்போய்விட்டது. ஒருநாள் ஏற்றுமதிக்குச் சங்கு மூட்டைகள் வந்தன, பொம்மையும் கண்ணாடிச் சட்டமும் செய்கிற அலங்காரச் சங்குகள். இறக்கும்போது ஒரு மூட்டை பிரிந்து தரையெல்லாம் கொட்டியது. மற்ற சங்கெல்லாம் விழுந்த இடத்தில் கிடக்க, ஒன்று மட்டும் எழுந்து நடந்தது. லோடுமேன்கள் சிரித்தார்கள். ஒருவர் செருப்புக் காலால் அதைப் புரட்டிப் போட்டார். அது உள்ளே இழுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்து, நிமிர்ந்து மறுபடியும் அதே திசையில் நடந்தது. மறுபடியும் புரட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, ஈரக் கைக்குட்டையை விரித்து, அதை அதில் எடுத்து வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

காலி சங்குக்குள் குடியிருக்கிற நண்டு அது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் துறவி நண்டு என்று போட்டிருப்பார்கள். அதில் நிலத்தில் வாழ்கிற ஜாதி இது, கடலில் தூக்கிப் போட்டால் மூழ்கிச் செத்துப்போகும். அதே சமயம் காற்று காய்ந்துபோனாலும் மூச்சு முட்டிச் செத்துப்போகும், எப்போதும் ஈரப்பதம் வேண்டும். சங்கோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு எலுமிச்சம்பழ அளவு. நான் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் உறவாகிவிடும், எனக்கு இருக்கிற உறவே போதும். வீடில்லாதவள் வீடு மாற்றுகிற நண்டை வளர்க்கிறாள் என்று யார்டில் ஒரு டிரைவர் தத்துவம் பேசினார். அவருடைய பேப்பரில் ஒரு சின்னத் தப்பு இருந்தது. சாதாரண நாளாக இருந்தால் விட்டிருப்பேன். அன்றைக்கு வண்டியை மத்தியானம் வரைக்கும் வெயிலில் நிற்க வைத்தேன்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் நண்டுக் குழம்பு கொதிக்கிற வீடு எங்களுடையது. அண்ணி தினமும் ஒரு கிண்டல் வைத்திருப்பாள். மசாலா அரைத்தாகிவிட்டது, எப்போது கொண்டுவருகிறாய் என்பாள். இன்றைக்கு நண்டு வளர்க்கிறவள் நாளைக்கு வஞ்சிரத்துக்குத் தொட்டில் கட்டுவாள் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். சிரிப்பு எனக்குப் பிரச்சினை இல்லை, சிரிக்கிறவர்களின் வாயை நான் யார்டில் தினமும் அடைக்கிறேன்.

இந்த நண்டுக்கு ஏற வேண்டும். ஏறுவதற்கு எதுவும் இல்லாவிட்டால் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி வரும். பழைய மீன் தொட்டி ஒன்று வாங்கி, ஆழமாக மண் போட்டு, நல்ல தண்ணீர் ஒரு தட்டு, உப்புத் தண்ணீர் ஒரு தட்டு வைத்தேன். லாரித் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது, மருந்து வாடை போகிற வரை திறந்து வைக்க வேண்டும். அதெல்லாம் சுலபம். மரம்தான் என் உயிரை வாங்கியது.

யார்டில் மரத்துக்குப் பஞ்சமா? சரக்கு அடுக்கி வருகிற பேலட் பலகைகள் உடைந்து மலையாகக் குவிந்து கிடக்கும். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அலமாரியும் பெஞ்சும் அந்த மரத்தில் செய்ததுதான். ஆனால் கண்டெய்னரில் வருகிற மரத்தில் பூச்சி வரக்கூடாது என்று சிலவற்றைச் சூடேற்றி அனுப்புவார்கள், சிலவற்றுக்கு விஷப்புகை போட்டு அனுப்புவார்கள். முத்திரையைப் பார்த்தால் எது எது என்று தெரியும். கேட்டில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறவளுக்குத் தெரியாதா? புகை போட்டதைத் தொடவே இல்லை. சூடேற்றியதிலும் பிசின் வாசனை அடிக்கிற மரம் ஆகாது, நண்டுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு பலகையாக மூக்கில் வைத்து மோந்து பார்த்தேன். செக்யூரிட்டி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

பொறுக்கி எடுத்த பலகையை அறுத்து, உப்புத் தண்ணீரில் கொதிக்க வைக்க வேண்டும். என்னிடம் இருந்த பாத்திரத்தில் கட்டை அடங்கவில்லை. அண்ணியின் பிரியாணி அண்டாவை எடுத்தேன். அவள் போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது. கேட்காமல் எடுக்கலாமா என்றாள். இதை யார் சொல்கிறார்கள் பாருங்கள். புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்த பிறகும் ஒரு வாரம் அதை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் சின்ன ஏணி ஒன்று செய்தேன். பலகையை வழவழவென்று இழைத்து அழகாகச் செய்திருந்தேன். நண்டு இரண்டு படி ஏறி வழுக்கி விழுந்தது. அழகு யாருக்கு வேண்டும்? கால் நகம் பிடிக்க இடம் வேண்டும். அரத்தை வைத்து ஒவ்வொரு படியிலும் கீறல் போட்டேன். பசை கிடையாது, வார்னிஷ் கிடையாது, துருப்பிடிக்கும் என்பதால் ஆணியும் கிடையாது. எல்லாமே முடிச்சுதான். அப்பா வலை கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட முடிச்சு, பருத்திக் கயிற்றில். மூன்று கால் நட்டு, குறுக்குக் கட்டைகள் கட்டி, நடுவில் உட்கார இரண்டு தட்டுகள் வைத்தேன். எண்ணூர்க் கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு வளைந்த கிளையை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாததாகத் தேடி எடுத்து, உச்சியில் கட்டினேன். பக்கவாட்டில் கயிற்று ஏணி ஒன்று தொங்கியது.

வேலையிலிருந்து வந்ததும் அதில்தான் உட்காருவேன். மாதக் கணக்கில் ஆனது. முடிந்த அன்று சாயங்காலம் நண்டு கயிற்று ஏணியில் ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றி வைத்து ஏறி, அந்தக் கிளையின் வளைவில் போய் உட்கார்ந்தது. அன்றிலிருந்து பகலெல்லாம் அங்கேதான் தூக்கம். சங்குக்குள் முழுசாக ஒடுங்கிக்கொண்டு, கயிற்றின் முடிச்சில் சாய்ந்து கிடக்கும். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் சொன்னால் வெட்கக்கேடு. என் கையால் முதலிலிருந்து கடைசி வரை நானே செய்த பொருள் என்று என் ஆயுசில் அது ஒன்றுதான்.

இனி குடில் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் ஆரம்பித்தால் தெருவுக்கு ஒரு குடில். ஐஸ்கிரீம் டப்பாவில் கேழ்வரகு முளைக்கப் போட்டுப் புல்வெளி செய்வார்கள். ஒரு வீட்டின் நீலப் புடவை வானமாகும், இன்னொரு வீட்டின் முக்காலி மேடையாகும். பங்குத் தந்தை தெருத் தெருவாக வந்து பார்த்து மார்க் போடுவார், ஜெயித்த தெருவுக்குக் கேடயம். இதில் ஒரு வழக்கம் உண்டு. குடிலுக்கு என்றால் யார் வீட்டிலும் எதையும் கேட்காமல் எடுக்கலாம். இல்லை என்று சொல்கிறவனுக்குச் ‘சத்திரக்காரன்’ என்று பெயர் வைத்துவிடுவார்கள், மாதாவுக்கும் சூசையப்பருக்கும் இடமில்லை என்று கதவைச் சாத்தியவன் அல்லவா. அந்தப் பெயர் பொங்கல் வரைக்கும் விடாது. அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. எங்கள் தெருக் குடிலுக்கு அண்ணன்தான் தலைவர்.

அந்த வருஷம் மார்க் போடுகிற நாளுக்கு முந்தின ராத்திரி புயல் மழை பிடித்துக்கொண்டது. காக்கித் தாளைக் கசக்கி அவர்கள் செய்து வைத்திருந்த மலை ஊறிச் சரிந்துவிட்டது. காலையில் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். பாவமாகக்கூட இருந்தது. பாவப்பட்டேனே, என் புத்தியை என்னவென்று சொல்ல.

சாயங்காலம் திரும்பி வந்து மாடி ஏறினால், தொட்டியின் கம்பி மூடி தரையில் கிடக்கிறது. உள்ளே மரம் இல்லை. மண், இரண்டு தண்ணீர்த் தட்டுகள், வேறொன்றும் இல்லை. கீழே இறங்கி அண்ணியைக் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “குடிலுக்கு எத்துகினு போனாங்க” என்றாள். நண்டு எங்கே என்றேன். மண்ணுக்குள் இருக்கும், போய்ப் பார் என்றாள்.

மண்ணுக்குள் பார்க்க முடியாது, அதுதான் சங்கடம். இந்த நண்டு சட்டை உரிக்கிற காலத்தில் மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடும். அப்போது உடம்பு வெண்ணெய் போல இருக்கும். நாம் தோண்டினால் செத்துவிடும். மண்ணுக்குள் இருந்தால் தொடக்கூடாது. மண்ணுக்குள் இல்லாவிட்டால் அந்த மரத்தோடு போயிருக்கிறது, பெயின்ட் வாடைக்கும் லைட் சூட்டுக்கும் நடுவில், சொட்டு ஈரம் இல்லாமல். காலையில் எடுத்துப் போயிருந்தால் இந்நேரம் என்ன ஆகியிருக்கும்? செருப்புப் போடாமல் ஓடினேன்.

தெருமுனைக் கெபிக்குப் பக்கத்தில் குடில் ஜொலித்துக்கொண்டிருந்தது. என் மரத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஸ்பிரே டப்பாவால் உச்சி முதல் அடி வரை வெள்ளி அடித்திருந்தார்கள். நான் அரத்தால் போட்ட கீறல்களில் பெயின்ட் நிரம்பி மூடியிருந்தது. தட்டுகளில் ஆட்டுப் பொம்மைகள், கயிற்று ஏணியில் சீரியல் லைட், மேலெல்லாம் பஞ்சு. தெருவே சுற்றி நின்று மலை சூப்பர் என்று அண்ணனைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அண்ணன் மாப்பிள்ளையைப் போலக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார்.

பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துத் தேடினேன். கிளையின் வளைவில் இல்லை. தட்டுகளின் அடியில் இல்லை. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னா பாப்பா, ஃபாதர் பக்கத்துத் தெருவுக்கு வந்துட்டார், கலைக்காதே என்றார். நண்டைக் காணோம் என்றேன். மரத்தில் நண்டு எதுவும் இல்லை என்று சத்தியம் செய்தார். அவர் மாடிக்கு வரவே இல்லையாம், ஆட்களை அனுப்பி எடுத்துவரச் சொன்னாராம். போய் எடுத்து வந்தவர்களில் ஒருவர், உதவி செய்கிறோம் என்கிற நினைப்பில், சிரித்த முகத்தோடு சொன்னார்:

“நண்டுலாம் இல்லக்கா. உச்சில ஒரு சங்கு மட்டும் சொருகி வெச்சிருந்த. சும்மா ஷோக்கா இருந்துச்சா, அதுக்கும் ஸ்பிரே அடிச்சி ஸ்டார்ல ஒட்டிட்டோம்.”

நிமிர்ந்து பார்த்தேன். குடிலின் கூரைக்கு மேலே மூங்கிலில் பெரிய நட்சத்திரம். அதன் நடுவில், பல்புக்குப் பக்கத்தில், வெள்ளியாக மின்னிக்கொண்டு என் நண்டு.

இறக்குங்கள் என்றேன். ஃபாதர் வந்து போய்விடட்டும் என்றார்கள். நட்சத்திரத்தின் வழியாகத்தான் மொத்த வயரும் போகிறது, கழற்றினால் எல்லா லைட்டும் போய்விடும் என்றார்கள். கொஞ்ச நேரம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்றார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, அந்த மாதிரி நல்ல நாளில் ரகளை பண்ணாதே என்று ஒரு பெரிய மனுஷி எனக்குப் புத்தி சொன்னாள். ஊதிக் கெடுத்தது யார்? நானா? பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். அண்ணன் கீழே நின்று பாப்பா, பாப்பா என்று கெஞ்சினார். சங்கைப் பிடித்துத் திருகினேன். சூடாக இருந்தது. பசை விடவில்லை, நட்சத்திரம் கிழிந்து கையோடு வந்தது. மொத்தக் குடிலும் இருண்டுபோனது.

அந்த இருட்டில்தான் பங்குத் தந்தை வந்து சேர்ந்தார். கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பற்றிப் புகார் சொன்னார்கள். அவர் சாந்தமான மனுஷர். போன் டார்ச்சை அடித்து என் கையில் இருந்ததைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு, ஒரு நண்டுக்காகவாம்மா இத்தனை பேருடைய உழைப்பைக் கெடுத்துவிட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“ஃபாதர், இந்தக் குடில்ல கீற மாடு பிளாஸ்டரு. கழுதை பிளாஸ்டரு. கொழந்தகூட பிளாஸ்டருதான். உசுரோட இருந்தது இது ஒண்ணுதான். அது மேல பெயின்ட் அடிச்சிக்கீறாங்க. என் ஒழைப்பு எங்கன்னு யாராவது கேட்டாங்களா?”

ஃபாதர் டார்ச்சை அணைத்தார். நான் சங்கை முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். எனக்குப் பின்னால் யாரோ வயரை ஒட்டுப் போட்டு லைட்டை வரவழைத்த சத்தம் கேட்டது. கேடயம் பக்கத்துத் தெருவுக்குப் போனது என்று மறுநாள் சொன்னார்கள். அதற்கும் காரணம் நான்தான்.

சங்கின் வாயைச் சுற்றிப் பெயின்ட் காய்ந்து பிடித்திருந்தது. ஊசி முனையால் சுரண்டி எடுத்தேன். உள்ளே அசைவே இல்லை. கால் தெரிந்தது, ஆனால் அது உயிருள்ள காலா என்று தெரியவில்லை. ஈரத்துணியை விரித்து அதன் மேல் வைத்து, மாற்றுவீடாகப் பக்கத்தில் காலி சங்குகளைப் போட்டு, தொட்டியை மூடினேன். வேறென்ன செய்ய முடியும்? எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது? ஜெபம் செய்யலாம் என்று நினைத்தேன். யாரிடம் ஜெபிப்பது, அவருடைய பிறந்தநாளுக்காகத்தானே இதைச் செய்தார்கள் என்று அங்கேயும் கோபம்தான் வந்தது. ஆனாலும் ஜெபித்தேன்.

அடுத்து வந்த நாட்களில் வேலைக்குப் போவேன், வண்டி டிரைவர்களிடம் எரிந்து விழுவேன், திரும்பி வந்து முதல் வேலையாகத் தொட்டியைப் பார்ப்பேன். வெள்ளிச் சங்கு வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்து பார்த்தபோது அது சாய்ந்து கிடந்தது. எடுத்தேன், லேசாக இருந்தது. உள்ளே ஒரே ஒரு சின்னக் கால், ஒடிந்த கால், அவ்வளவுதான். கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே பார்த்தால், உப்புத் தண்ணீர்த் தட்டுக்குப் பின்னாலிருந்து நான் போட்டு வைத்த பழுப்புச் சங்கு ஒன்று, ஒரு பக்கமாக நொண்டிக்கொண்டு நடந்து வந்தது. அடுத்த முறை சட்டை உரிக்கும்போது அந்தக் கால் திரும்ப முளைக்குமாம். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அண்ணனிடம் கேட்டேன், ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே என்று. உனக்கு என்றைக்காவது எதையாவது இல்லை என்று சொல்லியிருக்கிறேனா என்று அவர் திருப்பிக் கேட்டார். உண்மைதான், சொன்னதில்லை. அப்பா போன பிறகு படிக்க வைத்தது அவர்தான். ஆனால் நான் கேட்டது அவர் கொடுத்ததைப் பற்றி இல்லையே. நீங்கள் எடுத்ததைப் பற்றிக் கேட்கிறேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நிஜமாகவே விளங்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “வூட்ல உன்னுது என்னுதுன்னு இன்னா பாப்பா?” என்றார். அவருடைய ஷேவிங் செட்டை யாரும் தொட்டதில்லை. அண்ணியின் பீரோச் சாவி அவள் இடுப்பைவிட்டு இறங்கியதில்லை. உன்னுது என்னுது இல்லாதது என் ஒருத்திக்கு மட்டும்தான்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்ததும் வெள்ளி மரத்தைக் கொண்டுவந்து மாடிப்படியில் சாத்திவிட்டுப் போனார்கள். எதற்கும் உதவாது. நான் மறுபடியும் யார்டில் பலகை மோந்து பார்க்கக் கிளம்பினேன். அதற்கு முன்னால் இரண்டு வேலை செய்தேன். சைக்கிள், அரிசி டிரம், மிக்ஸி, நட்சத்திரப் பெட்டி எல்லாவற்றையும் கீழே இறக்கி ஹாலில் வைத்தேன். பிறகு என் அறைக் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாளும் வெளியே ஒரு பூட்டும் நானே போட்டேன்.

நண்டு வளர்த்தபோதுகூட அவ்வளவு பேச்சு இல்லை. கல்யாணம் ஆகாத பொம்பளை தனியாகப் பூட்டுப் போட்டுக்கொண்டாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. பிறந்த வீட்டிலேயே திருடர்கள் இருக்கிறார்களா என்று அண்ணி அழுதாள். அண்ணன் அழவில்லை. பல நாள் மாடிப்பக்கம் வராமல் இருந்தார், சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவர் மனசு புண்பட்டது எனக்குத் தெரியும். என் மனசு என்ன, காக்கித் தாளா?

போன டிசம்பரில் ஒருநாள் சாயங்காலம், நண்டு புது மரத்தில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மரம் முன்னதைவிட உயரம், படிகள் நெருக்கம். முளைத்த கால் கொஞ்சம் வெளிறி, மற்ற கால்களைவிடச் சின்னதாக இருந்தது, ஆனாலும் பிடிப்பு இருந்தது. அப்போது கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. தள்ளுகிற சத்தம் இல்லை, தட்டுகிற சத்தம். திறந்தால் அண்ணன். உள்ளே வராமல், வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். வரலாமா என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

வாங்க என்றேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தொட்டியை ரொம்ப நேரம் பார்த்தார். நல்லா ஏறுதே என்றார். பிறகு, இந்த வருஷம் குடிலுக்கு ஒரு மலை செய்து தருகிறாயா என்று கேட்டார். இது வேண்டாம், இது நண்டுக்கே இருக்கட்டும், வேறு ஒன்று, பெரியதாக. பலகை எது வேண்டுமோ சொல், நானே தூக்கிக்கொண்டு வந்து போடுகிறேன். ஸ்பிரே அடிக்க விடமாட்டேன். போன வருஷம் வந்தவர்கள் எல்லாம் அந்த மலையைத்தான் பார்த்தார்கள் தெரியுமா என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நிஜமான பெருமை இருந்தது. நான் உருகிப்போய்விட்டேன், பொய் சொல்லவில்லை. எந்த அளவில், எத்தனை கால் வைத்து என்று மனசுக்குள் கணக்குப் போடக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்டேன். ஃபாதர் வந்து இந்த மலையை யார் செய்தது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன்.

அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பாசமாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“நம்ம வூட்ல செஞ்சதுன்னு சொல்லுவேன் பாப்பா.”

முடியாது அண்ணே என்றேன். அவர் எழுந்து வெளியே போகும் வரை காத்திருந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.